காலிக் கட்டம் சொன்ன ‘இல்லை’

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஜோடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதைக் கேட்டு வேறு ஏதோ நினைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பார்கள். ஒன்றை இன்னொன்றோடு ஜோடி சேர்ப்பது அவருடைய வேலை, அவ்வளவுதான். பதினொரு வருடமாக அதையே செய்கிறார்.

டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நாலு அறை. அதுதான் கம்பெனி. கீழே கல் அறுக்கும் சத்தம் காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும். மேஜையை வந்ததும் துடைத்தால் மதியத்துக்குள் வெள்ளைப் பொடி படிந்துவிடும். நாங்கள் மருத்துவமனைகளுக்குப் புரோகிராம் எழுதுகிறோம். ஊரின் பெரிய மருத்துவமனையில் எல்லாத் தளத்திலும் ஓடுவது எங்களுடையதுதான். நர்ஸ் ஒரு நோயாளியின் எண்ணைத் தட்டினால் பெயர், வயது, வார்டு, கொடுக்கும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கும்.

வந்து நிற்பதற்குள் அது மூன்று வீடு மாறுகிறது. முதலில் டேட்டாபேஸில், அட்டவணை அட்டவணையாக, கட்டம் கட்டமாகக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பும்போது எக்ஸ்எம்எல் என்ற வடிவத்துக்கு மாறும். ஒவ்வொரு தகவலுக்கும் இது பெயர், இது வயது என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவது மாதிரி. நர்ஸின் கம்ப்யூட்டருக்கு வந்ததும், அந்தச் சீட்டுகளைப் படித்து, புரோகிராம் தனக்குள்ளே ‘நோயாளி’ என்று ஓர் உருவத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். எந்தக் கட்டம் எந்தச் சீட்டாக மாற வேண்டும், எந்தச் சீட்டு ஆப்ஜெக்டில் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று வரி வரியாக எழுதிய மேப்பிங் ஃபைல் ஒன்று சர்வரில் இருக்கிறது. நாலாயிரத்து முந்நூறு வரி. ஜோடியக்காவின் குடித்தனமே அதில்தான்.

குடித்தனம் சுகமானதாக இல்லை. அட்டவணைகளை அமைத்தவர் கம்பெனியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அவரைப் பழையவர் என்போம். கட்டங்களுக்குப் பெயர் வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு சிக்கனம். ‘எக்ஸ் ஒன்று’ என்பார், ‘எக்ஸ் இரண்டு’ என்பார், பிறகு ‘எக்ஸ் இரண்டு புதுசு’ என்பார். நோயாளி ஆணா பெண்ணா என்பதற்கு ஒன்று, இரண்டு, ஒன்பது என்று எண். ஒன்பது யார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கும் மறந்துவிட்டது, அக்கா ஒரு முறை ஃபோன் பண்ணிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். “பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்காமலே போனவர்கிட்ட அது எந்த கிளாஸ் படிக்குதுன்னு கேட்ட கதை” என்று சொல்லிக்கொண்டே ஃபோனை வைத்தார்.

எனக்கு அவருக்கு அடுத்த மேஜை. மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. மாமியார்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலையை நான் சம்பளத்துக்குச் செய்கிறேன் என்று அக்கா சொல்வார்.

எங்கள் மேனேஜருக்கும் ஒரு பெயர் உண்டு: அடுத்த வாரம் சார். நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி, நெற்றியைச் சுருக்கி, “முக்கியமான விஷயம்மா. அடுத்த வாரம் உக்காந்து பேசுவோம்” என்பார். கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் கொடுக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவின் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. காது மந்தம். காதுக்கருவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது கெட்டுவிடக் கூடாதென்று டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருப்பார். ஒரு நாள் காலை வாசல் கேட்டின் அடித்தகடு அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது. அக்காவின் கணவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், லீவு போட்டுவிட்டு அப்பாவை அந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். தையல் போட்டு முடிந்ததும், வண்டியை எடுத்து வருகிறேன் என்று அவர் வெளியே போன நேரத்தில், நர்ஸ் ஊசி மருந்தை எடுத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. முறைப்படி திரையைப் பார்த்தார். ‘ஒவ்வாமை: இல்லை’ என்று இருந்தது. பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டார், ஏதாவது மருந்து ஒத்துக்காதா ஐயா என்று. பெரியவர் காதில் அது, ஏதாவது சாப்பிட்டீங்களா என்று விழுந்திருக்கிறது. “இல்லம்மா” என்று பரிதாபமாகச் சொல்லியிருக்கிறார். திரையும் இல்லை என்கிறது, ஆளும் இல்லை என்கிறார். இதற்கு மேல் யார் என்ன செய்வார்கள்?

பென்சிலின் அவருக்கு ஆகாது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு முறை போட்டு முகம் வீங்கி, மூச்சு இழுத்து, மூன்று நாள் படுக்கையில் கிடந்தவர். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அக்காவின் நாத்தனார், கணவருக்குத் தங்கை, அதே மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அப்பா வந்திருக்கிறார் என்று தெரிந்து இடைவேளையில் கீழே இறங்கி வந்தவள், மருந்துப் புட்டியின் மேலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஊசியைக் கையோடு பிடித்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு அக்காவுக்கு ஃபோன் வந்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“அண்ணி, வேலையா இருக்கீங்களா?”

“சொல்லும்மா. மாமாவுக்குக் கால் எப்படி இருக்கு?”

“கால் நல்லாத்தான் இருக்கு. உங்க புரோகிராம்ல அப்பாவுக்கு ஒவ்வாமை இல்லைன்னு இருக்கு அண்ணி. பென்சிலின் எடுத்துட்டாங்க. ரெண்டு நிமிஷம் பிந்தியிருந்தேன்னா போட்டிருப்பாங்க.”

அக்கா எழுந்து நின்றுவிட்டார். யாராவது அப்படி டைப் அடித்திருப்பார்களா என்று கேட்டார். பதிவு பண்ணும் இடத்தில் விசாரித்துவிட்டேன், கூட்டமாக இருந்ததால் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை என்கிறார்கள் என்று நாத்தனார் சொன்னாள். “தொடாத கட்டத்துல ‘இல்லை’ன்னு எப்படி அண்ணி வரும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் அக்காவுக்கு நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகம் அப்படி ஆனது. இருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து எனக்குக் காட்டினார்.

டேட்டாபேஸில் ஒவ்வாமைக் கட்டத்துக்கு உண்மையில் மூன்று நிலை. ‘கேட்டோம், உண்டு என்றார்’; ‘கேட்டோம், இல்லை என்றார்’; ‘கேட்கவே இல்லை’. மூன்றாவதில் கட்டம் காலியாக இருக்கும். எங்கள் தொழிலில் அதற்கு ‘நல்’ என்று பேர். நல் என்றால் தமிழில் நல்லது. கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை. பெரியவரின் கட்டத்தில் நல்தான் இருந்தது. மேப்பிங் ஃபைலில் ஒரு வரி, கட்டம் காலியாக இருந்தால் சீட்டே ஒட்டாதே என்றது. சீட்டில்லாமல் போன தகவலுக்காக நர்ஸின் கம்ப்யூட்டரில் ஆப்ஜெக்ட் காத்திருக்கவில்லை. அதற்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும். ஒன்றும் வராவிட்டால் ‘இல்லை’யில் தொடங்கி அங்கேயே நின்றுவிடும். திரை அதை அப்படியே காட்டியது. கிளம்பும்போது ‘தெரியாது’ என்று இருந்தது போய்ச் சேரும்போது ‘இல்லை’ ஆகிவிட்டது. நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை எழுதியவர் ஜோடியக்காதான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்திலேயே தனக்குத் தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார்: ‘காலி என்றால் இல்லை என்றா அர்த்தம்? கேட்க வேண்டும்.’

கேட்டும் இருக்கிறார். பழைய மெயில்களைத் துழாவி அதையும் எடுத்துவிட்டார். மேனேஜரின் பதில் என்னவாக இருந்தது என்று நான் சொல்லவே வேண்டாம்.

“ஒரு தடவை கேட்டேன்” என்றார் அக்கா. “ரெண்டாவது தடவை கேக்கல. ஒன்பது வருஷம் இதே ஃபைலைத் தினம் தொறந்து மூடறேன். இந்த வரியைத் தாண்டித்தான் போறேன், வரேன்.”

அவர் கோபப்பட்டு நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தன் மேலேயே கோபப்பட்டுப் பார்த்தது அன்றுதான். பிறகு டேட்டாபேஸில் ஒரு கணக்கு எடுத்தார். மொத்தம் அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது நோயாளிகள். கேட்டு, உண்டு என்று எழுதியது இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. கேட்டு, இல்லை என்று எழுதியது ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டு. மீதி நாற்பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்தோரு பேரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அத்தனை பேருக்கும் திரையில் ‘இல்லை’.

அந்தக் காகிதத்தோடு மேனேஜர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். திரைகளை வடிவமைக்கிறவரும் வந்தார். அவரை நாங்கள் திரைக்காரர் என்போம்.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். பெரியவரிடம் நர்ஸ் வாயாலேயே கேட்டிருக்கிறார், அவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார், இதில் புரோகிராமின் தப்பு எங்கே வந்தது என்றார். அதோடு, கட்டத்தை நிரப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. நிரப்பாமல் விட்டால் நாம் என்ன செய்வது என்றார். திரையில் ‘கேட்கவில்லை’ என்று இருந்திருந்தால் அந்த நர்ஸ் கிழவர் சொன்னதோடு விட்டிருக்க மாட்டார், கூட வந்தவரையும் கேட்டிருப்பார் என்று அக்கா சொன்னார். திரைக்காரர் தன் பங்குக்கு, திரை ஒரு கண்ணாடி, வந்ததைக் காட்டும் என்றார். ஆப்ஜெக்டில் மூன்றாவது விடைக்கு இடம் வைக்கலாம். ஆனால் அதற்குப் புதிய பதிப்பு வேண்டும். அதை ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் ஏற்ற வேண்டும். மருத்துவமனை வருடத்துக்கு இரண்டு முறைதான் அனுமதிக்கும். இந்த முறைக்கான மாற்றங்களின் பட்டியல் மூடியாகிவிட்டது.

ஆளுக்கொரு நியாயம். ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகவும் இருந்தது. எரிச்சல் அதில்தான். ஒருவராவது அபத்தமாகப் பேசியிருந்தால் அவரைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருக்கலாம்.

“முக்கியமான விஷயம்மா” என்று மேனேஜர் முடித்து வைக்கப் பார்த்தார். அவர் மேற்கொண்டு சொல்வதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. மறுநாள் என்னிடம் சொன்னார். கணவர் திட்டவில்லை. நீ எழுதினதா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றதும் சரி என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாராம். பத்தாவது படிக்கும் மகள்தான், அம்மா நீங்க எக்ஸாமில் ஒரு கேள்வியை எழுதாம விட்டா பூஜ்யம் குடுப்பாங்க, தப்புன்னு போட மாட்டாங்க, ரெண்டும் வேற வேற என்று எடுத்துச் சொன்னாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “வீட்டுல இருக்கிற குழந்தைக்குத் தெரியுது. இங்க ஒரு ஆபீஸுக்கே தெரியல.” மாமனாரோ, உரத்த குரலில், என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே என்றாராம். கேட்டார்கள் மாமா என்று இவர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர்களைத் தொட முடியாது. ஆனால் மேப்பிங் ஃபைல் சர்வரில் இருக்கிறது. அதை மாற்றினால் எல்லா இடத்திலும் உடனே மாறும். அக்கா முதலில் நேர்வழியாகவே போனார். கட்டம் காலியாக இருந்தால், ‘கேட்கவில்லை’ என்று எழுதிச் சீட்டு ஒட்டி அனுப்பச் சொன்னார். என் சோதனைக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். திரை திறக்கவே இல்லை. ‘தவறான தகவல்’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. வருகிற எக்ஸ்எம்எல் ஒழுங்காக இருக்கிறதா என்று வாசலிலேயே சரிபார்க்க ஒரு ஃபைல் உண்டு. அது இந்தச் சீட்டில் ஆம், இல்லை இரண்டைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. அதையும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு நாள் போனது. அக்கா வருவார், ஃபைலைத் திறப்பார், முறைப்பார், மூடுவார். “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல எடமே இல்ல” என்று ஒரு முறை சொன்னார். கல் அறுக்கும் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

வழி கிடைத்தது என்னுடைய ஒரு குறும்பால். சோதனைக்காக நான் பொய் நோயாளிகளை உருவாக்குவது வழக்கம். அதில் ஒருவருக்கு, ஒவ்வாமை உண்டு என்று போட்டு, எதனால் என்ற கட்டத்தில் ‘அடுத்த வாரம்’ என்று எப்போதோ அடித்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை வேறு எதையோ ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த நோயாளி திரையில் வந்து நின்றார். மேலே பட்டையாகச் சிவப்பு. அதில் வெள்ளை எழுத்தில் ‘ஒவ்வாமை: அடுத்த வாரம்’.

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் முறை. சிரிப்பு பாதியில் நின்றது.

“இந்த எடத்துல என்ன எழுதினாலும் வருமா?”

வரும். ஆமா, இல்லையா என்ற கட்டத்துக்குத்தான் கட்டுப்பாடு. எதனால் என்ற கட்டம் வெறும் எழுத்து, யாரும் சரிபார்ப்பதில்லை.

பதினைந்து நிமிடத்தில் எழுதிவிட்டார். கட்டம் காலியாக இருந்தால் ‘ஆம்’ என்று அனுப்பு. எதனால் என்ற சீட்டில் ‘கேட்கப்படவில்லை. நோயாளியிடம் கேட்கவும்’ என்று அனுப்பு. மாமனாரின் எண்ணைத் தட்டினோம். சிவப்புப் பட்டை வந்தது.

அக்காவுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொரு பொய்யை வைக்கிறேன் என்றார். ஒத்துக்கொள்ளாத மருந்து இருக்கிறதா என்றே தெரியாத ஆளுக்கு இருக்கிறது என்று சொல்வது அவர் தொழில் புத்திக்கு ஒப்பவில்லை. “ஆனா அந்தப் பொய் வாயை மூட வைக்குது. இது கேள்வி கேக்க வைக்கும்” என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

நான் என் வேலையைச் செய்தேன். அந்தத் திரையில், கட்டம் காலியாக இருந்த ஒரு பொய் நோயாளியின் முகவரியை மாற்றிச் சேமித்துவிட்டு டேட்டாபேஸில் போய்ப் பார்த்தேன். ஒவ்வாமைக் கட்டத்தில் நிஜமாகவே ‘ஆம்’ ஏறியிருந்தது. தானாக நின்ற ‘இல்லை’யைத் திரை திருப்பி அனுப்பியதில்லை, சீட்டோடு வந்ததை மட்டும் அனுப்பும். நாங்கள் அனுப்பியதைத் திரை நம்பி, எங்களுக்கே திருப்பி அனுப்பி, நாங்களும் அதை நம்பி எழுதிக்கொண்டிருந்தோம். இப்படியே விட்டிருந்தால் ஒரு மாதத்தில் எது நிஜம், எது நாங்கள் வைத்தது என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும்.

“போற வழிக்கு எழுதிட்டு வர்ற வழிய மறந்துட்டேன் பாரு” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வரி சேர்த்தார். அந்த வாக்கியம் திரும்பி வந்தால் கட்டத்தைக் காலியாகவே விடு என்று. மறுபடி மறுபடி சேமித்துப் பார்த்தேன். காலியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா மேனேஜர் முன்னால் போய் நின்றார். மேனேஜர் கேட்டுக்கொண்டார். நாற்பத்தொன்பதாயிரம் பேருக்குச் சிவப்புப் பட்டை வந்தால் மருத்துவமனையில் பெரிய களேபரம் ஆகுமே என்றார். ஆகும் என்று அக்கா ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர்களோடு ஒரு கூட்டம் போட்டு, எல்லோர் சம்மதத்தோடும் செய்யலாம் என்றார்.

“சரி சார். அதுவரைக்கும் போட வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாற்பத்தொன்பதாயிரத்து இருநூத்தி ஐம்பத்தோரு பேருன்னு அந்த எண்ணிக்கையும் அதுலயே எழுதிடுங்க.”

மேனேஜர் பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை.

“நான் வேண்டாம்னு சொல்லலையேம்மா.”

“அப்ப போட்டுடறேன்.”

“போடுன்னும் சொல்லல.”

“தெரியும் சார். அதை நான் சொல்லிக்கிறேன்.”

பத்து மணிக்குப் போட்டார். பத்து பத்துக்கு முதல் ஃபோன். பத்தரைக்குள் எங்கள் மூன்று இணைப்புகளும் அடித்துக்கொண்டே இருந்தன. அவசரப் பிரிவில் இருந்து, மருந்தகத்தில் இருந்து, பிரசவ வார்டில் இருந்து. எதைத் திறந்தாலும் சிவப்பு என்றார்கள். வைரஸ் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். மேனேஜருக்கு வெளியே ஒரு முக்கியமான சந்திப்பு இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசி, சாயங்காலத்துக்குள் பழையபடி மாற்றாவிட்டால் எழுத்துமூலம் புகார் போகும் என்றார். அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: பட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படித்தவர்கள் குறைவு. நிறம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையின் தலைமை நர்ஸ் பேசினார். பெரிய சிஸ்டர் என்றால் டாக்டர்களே கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள் என்று நாத்தனார் சொல்லி நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“யாரும்மா இது செஞ்சது?”

“நான்தான் சிஸ்டர்.”

“என் பிள்ளைங்க நூத்தி நாற்பது பேரு. காலைலேர்ந்து ஒரு வேலை ஓடல. ஒவ்வொருத்தருக்கும் நின்னு கேட்டுட்டிருந்தா எப்ப ஊசி போடறது, எப்ப கட்டுப் போடறது?”

“புரியுது சிஸ்டர். செவப்பா வர்றது யாருன்னா, ஒவ்வாமை இருக்கான்னு இதுவரைக்கும் யாருமே கேக்காதவங்க.”

“நேத்துவரைக்கும் இல்லைன்னு காட்டிச்சே?”

“அது யாரும் கேக்காததால வந்த ‘இல்லை’ சிஸ்டர். கேட்டு வந்த ‘இல்லை’ இல்ல. தப்பு எங்களோடது. நான் எழுதினது.”

அந்தப் பக்கம் வார்டில் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிப் போவது கேட்டது.

“எத்தனை வருஷமா?” என்றார் பெரிய சிஸ்டர்.

“ஒன்பது.”

“எடுக்காதீங்க. யார் சொன்னாலும் எடுக்காதீங்க. மேல நான் பேசிக்கிறேன்.” வைத்துவிட்டார்.

அக்கா கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நிர்வாக அலுவலகத்திலிருந்து யாரும் பேசவில்லை. முதல் வாரத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு பேருக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாது என்று தெரியவந்தது. அதில் இருவர் மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள். அக்கா அந்த இருவரின் நோயாளி எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மேஜை டிராயரில் போட்டார்.

சிவப்புப் பட்டை போட்டுப் பதினோரு நாள் கழித்து, சனிக்கிழமை, மாமனாருக்குக் கட்டுப் பிரிக்க அக்காவே கூட்டிப் போனார். நர்ஸ் எண்ணைத் தட்டினார். சிவப்புப் பட்டை. ‘கேட்கப்படவில்லை.’ அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லையாம். இவ்வளவு கூத்துக்கும் காரணமான ஆளின் கட்டம் இன்னும் காலி. நாத்தனார், அன்றைக்கே ஊசியை எடுத்த நர்ஸ் எழுதியிருப்பாள் என்று நினைத்திருக்கிறாள். அந்த நர்ஸ், மகளே இங்கே வேலை பார்க்கிறாளே, அவள் எழுதியிருப்பாள் என்று நினைத்திருக்கிறாள். அக்காவின் கணவர், இரண்டு பேரும் எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். தினமும் அந்த அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நர்ஸ் குனிந்து காதருகே கத்திக் கேட்டார். இந்த முறை பெரியவருக்குக் கேட்டுவிட்டது. கேட்டது மட்டுமா, இருபது வருடத்துக்கு முந்தைய அந்தச் சம்பவத்தை, எந்தக் கிழமை, யார் யார் பார்க்க வந்தார்கள் என்பது வரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசை வாசல் வரை நீண்டது. அடுத்து நின்றவர் பொறுமை இழந்து, முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள், எந்தப் புண்ணியவான் இந்தப் புரோகிராமை எழுதினானோ என்று அக்காவிடமே குறைப்பட்டுக்கொண்டார். அக்கா ஆமாங்க என்றாராம்.

ஆப்ஜெக்டில் மூன்றாவது விடைக்கு இடம் வைத்த புதிய பதிப்பு வெளிவர இன்னும் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் கம்பெனியின் விளம்பரத் தாளில் ‘நோயாளிப் பாதுகாபுக்கான எச்சரிக்கைப் பட்டை’ என்று ஒரு புது வசதி இடம்பெற்றது. பக்கத்தில் மேனேஜரின் படம். அக்கா அதைப் படித்துவிட்டு, பாதுகாப்பு என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போயிருப்பதை மட்டும் வட்டமிட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

புதிய பதிப்பு ஏறியதும் அந்தத் தற்காலிக வரிகளை எடுத்துவிட வேண்டும். ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு மிச்சமிருந்தாலும் அங்கே மறுபடி ‘இல்லை’ முளைக்கும். எழுபத்து மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஏற்றியாயிற்று என்று மருத்துவமனையிலிருந்து பட்டியல் வந்தது. மேனேஜர் இனி எடுத்துவிடலாம் என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக, இன்றைக்கே என்றார். அக்கா நாளைக்கு என்றார்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். தளம் தளமாக ஏறி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சோதனை நோயாளியின் எண்ணைத் தட்டிப் பார்த்துப் பட்டியலில் டிக் போட்டோம். எழுபத்து மூன்றும் சரியாக இருந்தன. எனக்குக் கால் விட்டுப்போயிற்று. கிளம்பலாம் அக்கா என்றேன். அவர் ஒரு அறையையும் விடுவதாக இல்லை; துணி வைக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லிக் காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே எதற்குக் கம்ப்யூட்டர் என்று காவலாளி கேட்டார். மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால், ஒரு மர ஸ்டூலில், மஞ்சளாகிப் போன ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூட்டமாக இருந்தால் நர்ஸுகள் இங்கே வந்து பார்த்துக்கொள்வார்களாம். எண்ணைத் தட்டினேன். பழைய பதிப்பு.

அக்கா பட்டியலின் அடியில் எழுபத்து நான்கு என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டார். திரைக்காரருக்கு ஃபோன் பண்ணி, உடனே வரச் சொன்னார். அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, எண்ணத் தெரியாத ஒவ்வொரு மனிதரையும் பற்றி அக்கா என்னிடம் விரிவாகப் பேசினார்.